சூடானதும் நின்றுவிடும் பம்பு என்ஜின்: காரணத்தைக் கண்டறிவது எப்படி?

விளாத்திகுளம் வட்டாரக் கரிசல் நிலங்களில் மானாவாரி மிளகாய் பூவும் பிஞ்சுமாக நிற்கும் சமயத்தில் ஒரு தண்ணீர் பாய்ச்சினாலும் பயிர் தேறிவிடும். பண்ணைக் குட்டையிலோ ஓடையிலோ தேங்கிய நீரை இறைக்கப் பெட்ரோலில் ஓடும் சிறிய என்ஜின்களைப் பலர் பயன்படுத்துகின்றனர். காலையில் ஒரே இழுப்பில் கிளம்பும் என்ஜின், அரை மணி நேரம் ஓடிச் சூடேறியதும் நின்றுவிடுகிறது. ஆறியபின் ஓடுகிறது, மறுபடியும் நிற்கிறது. குட்டையில் நீர் இருந்தும் பயிர் வாடுகிறது.

பட்டறைக்குக் கொண்டு போவதற்குள் என்ஜின் ஆறிவிடும். அங்கே நன்றாக ஓடும். குறை இன்னதென்று தெரியாமல் கார்புரேட்டரையும் பிளக்கையும் மாற்றுவதால் பணம்தான் வீணாகும். ஆகவே, இக்குறையை வயலிலேயே, என்ஜின் நின்ற ஐந்து நிமிடத்திற்குள் கண்டறிய வேண்டும்.

எப்படி நின்றது?

என்ஜின் ஓட எரிபொருள், தீப்பொறி, கம்ப்ரஷன் எனப்படும் அமுக்கம் ஆகிய மூன்றும் தேவை. திணறித் திணறி, வேகம் கூடிக் குறைந்து நின்றால் எரிபொருள் தடைப்பட்டிருக்கலாம். சுவிட்சை அணைத்தது போலச் சட்டென்று நின்றால் தீப்பொறியைச் சந்தேகிக்க வேண்டும். பாரம் தாங்காதது போல முனகி, கருகிய வாடையுடன் நின்றால் அதிகச் சூடே காரணமாகலாம்.

எரிபொருள்

முதலில் டேங்க் மூடியைப் பாருங்கள். அதிலுள்ள சிறு காற்றுத் துளை புழுதியால் அடைத்துக்கொண்டால், பெட்ரோல் குறையக் குறைய டேங்கினுள் காற்று புக வழியின்றி ஓட்டம் நின்றுவிடும். என்ஜின் நின்றதும் மூடியை மெதுவாகத் தளர்த்துங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளிழுக்கும் ஓசை கேட்டு, பின் என்ஜின் கிளம்பினால் குறை அதுவே. துளையைச் சுத்தம் செய்தால் போதும், செலவில்லை.

அடுத்தது, பெட்ரோல் ட்யூப். பெட்ரோலின் இலேசான பகுதிகள் 40 டிகிரி செல்சியசுக்கும் குறைவான சூட்டிலேயே ஆவியாகத் தொடங்கும். ட்யூப் சைலன்சரை ஒட்டிச் சென்றால் உள்ளே ஆவி நிரம்பிப் பெட்ரோலைத் தடுக்கும். அக்காலத்தில் மலைப்பாதையில் நின்றுபோன கார்களின் பெட்ரோல் பம்பின் மேல் டிரைவர்கள் ஈரத்துணி போட்டது இதற்காகத்தான். ட்யூபைச் சூடான பாகங்களிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். என்ஜினை நிழலில் வையுங்கள். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர் ட்யூப்களையும் கெடுக்கும். ஆகவே, ஒரு பருவத்துப் பெட்ரோலை அடுத்த பருவம் வரை டேங்கில் விட்டுவைக்கக் கூடாது.

தீப்பொறி

காயிலினுள் உள்ள மெல்லிய கம்பியில் விரிசல் இருந்தால், சூட்டில் விரிந்து மின்சாரம் தடைப்படும். ஆறினால் மீண்டும் சேரும். கையில் ஒரு மாற்றுப் பிளக் வைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் நின்றதும் டேங்கை மூடி, சிந்திய பெட்ரோலைத் துடைத்துவிட்டு, பழைய பிளக்கைக் கழற்றாமல் அதன் வயரை மட்டும் எடுத்து மாற்றுப் பிளக்கில் மாட்டுங்கள். ரப்பர் பிடியுள்ள குறடால் பிளக்கைப் பிடித்து, அதன் உலோகப் பகுதி என்ஜினைத் தொடும்படி வைத்துக் கயிற்றை இழுக்கச் சொல்லுங்கள். ஆறியபோது வந்த பொறி சூட்டில் வரவில்லையெனில், காயிலையும், பழைய என்ஜின்களில் பாயிண்ட், கண்டென்சர் ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும்.

சில என்ஜின்கள் ஆயில் குறைந்தால் தாமே நின்றுவிடும். வரப்பில் சாய்வாக வைத்தாலும் இப்படி நேரலாம். சமதளத்தில் வைத்து ஆயில் மட்டத்தைப் பாருங்கள்.

அமுக்கமும் சூடும்

கயிற்றை மெதுவாக இழுக்கும்போது, ஆறிய நிலையில் தெரிந்த எதிர்ப்பு சூட்டில் தெரியவில்லையெனில் அமுக்கம் குறைந்துள்ளது. டாப்பட் இடைவெளி போதாதபோது, சூட்டில் நீளும் வால்வு சரியாக மூடாது. இடைவெளியை மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்ய வேண்டும்.

காற்றால் குளிரும் என்ஜினின் தகடுகளுக்கிடையே சேரும் கரிசல் புழுதியையும் சருகையும் வாரந்தோறும் நீக்குங்கள். சூடான என்ஜின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். சிலிண்டர் தலைப்பகுதி வெடித்துவிடும்.

டீசல் என்ஜினில் பிளக் இல்லை. குழாய் இணைப்பில் புகும் காற்று, அடைத்த பில்டர், தேய்ந்த டீசல் பம்பு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். உப்பு நீரால் குளிரும் என்ஜின்களில் உட்புறம் உப்புப் படிந்து சூடு கூடும். குளிர்விக்கும் நீர் தடையின்றி வெளிவருகிறதா என்று பாருங்கள்.

இச்சோதனைகளை என்ஜின் அருகே பீடி, தீக்குச்சி இல்லாமல் செய்யவும். எத்தனை நிமிடம் ஓடியது, எப்படி நின்றது, சூட்டில் பொறி வந்ததா, மூடியைத் தளர்த்தியதும் ஓடியதா என்ற நான்கையும் குறித்து மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். வேண்டாத பாகங்களை மாற்றும் செலவு மிஞ்சும். தண்ணீரும் காலத்தில் பயிருக்குப் போய்ச் சேரும்.