மூன்று அளவுகள் போதுமா?

முக்கோணத்திற்குப் பக்கங்கள் மூன்று, கோணங்கள் மூன்று. இவ்வாறு அளவுகளும் ஒத்திருந்தால் இரு முக்கோணங்கள் சர்வசமம் என்பதை எவரும் ஏற்பர். ஆனால் மூன்றை மட்டும் அளந்துவிட்டு, மற்ற மூன்றும் ஒத்தே இருக்கும் என்று உறுதி கூற நமக்கு உரிமை உண்டா? பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த ப-ப-ப, ப-கோ-ப, கோ-ப-கோ, செ-க-ப ஆகிய விதிகள் இவ்வினாவுக்கான விடைகளே.

கோ-ப-கோ விதியை எடுத்துக்கொள்வோம். அஆஇ, உஊஎ என இரு முக்கோணங்கள். அஆ, உஊ ஆகிய பக்கங்கள் சமம். அவற்றின் இரு முனைகளிலுள்ள கோணங்களும் முறையே சமம். முதல் முக்கோணத்தை இரண்டாவதன்மேல் வைப்போம். அஆ என்ற பக்கம் உஊவின்மேல் பொருந்தும். கோணங்கள் சமமாதலால், அஇ என்ற கோடு உஎ வழியாகவும், ஆஇ என்ற கோடு ஊஎ வழியாகவும் செல்லும். இரு நேர்கோடுகள் ஒரே புள்ளியில்தான் வெட்டும். எனவே இ என்ற முனை எ-யின்மேல் விழுந்தே தீரும்.

எந்த மூன்று அளவுகளும் போதும் என எண்ணிவிடலாகாது. 30 பாகைக் கோணம், அதை அடுத்த பக்கம் 10 செ.மீ., எதிர்ப்பக்கம் 6 செ.மீ. என வரைந்து பாருங்கள். கவராயத்தின் வில், கோட்டை இரண்டு இடங்களில் வெட்டும். இரு வேறு முக்கோணங்கள் கிடைக்கும்.

இந்த வேறுபாடு ஏட்டோடு நிற்பதன்று. எங்கள் பேரிகை இருக்கும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதி குன்றுகள் நிறைந்தது. சென்னைக்கும் பெங்களூருக்கும் இடைப்பட்ட இத்தகைய நிலத்தை நெடுகச் சங்கிலி பிடித்து அளப்பது அரிது. 1802-இல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயர் பரங்கிமலை அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை மட்டும் சங்கிலியால் அளந்தார். அதன் முனைகளிலிருந்து தொலைவிலுள்ள ஓர் இடத்தைத் தியோடலைட் கருவியால் நோக்கிக் கோணங்களைக் குறித்தார். ஒரு பக்கமும் இரு கோணங்களும் கிடைத்தன, முக்கோணம் உறுதியாயிற்று. கணக்கிட்டுப் பெற்ற பக்கமே அடுத்த முக்கோணத்தின் அடிக்கோடாயிற்று. பூமியின் வளைவுக்குரிய சிறு திருத்தங்களுடன் இம்முக்கோணத் தொடர் மைசூர் மேட்டுநிலத்தில் ஏறிற்று.

1804-இல் பெங்களூர் அருகே மற்றோர் அடிக்கோடு நேரடியாக அளக்கப்பட்டது. கணக்கில் வந்த நீளத்திற்கும் சங்கிலியில் வந்த நீளத்திற்கும் வேறுபாடு சில அங்குலங்களே!

ஒரே அளவுகளுக்கு இரு முக்கோணங்கள் அமையுமானால், ஒரு குன்றுக்கு வரைபடத்தில் இரண்டு இடங்கள் கிடைத்திருக்கும். கோ-ப-கோ விதி அவ்வையத்திற்கு இடம் வைக்கவில்லை. ஆகவே, 'நிரூபிக்க' என்று வினாத்தாளில் காணும்போது, எந்த மூன்று அளவுகள், அவை ஏன் போதும் என்று முதலில் கேட்டுக்கொள்வோமாக. அளக்காத நீளத்தையும் துணிந்து கூறும் உரிமையை நமக்கு அளிப்பது அந்த நிரூபணமே.