கண்ணாடியா, நஞ்சா?

சென்ற மழைக்காலத்தில் என் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. பாட்டி பத்திரமாக வைத்திருந்த பழைய தெர்மாமீட்டரை நான் உதறியபோது, அது கைநழுவித் தரையில் விழுந்து உடைந்தது. வெள்ளி மணிகளாய் உருண்டோடிய பாதரசத்தை நானும் தம்பியும் விரலால் தொட்டு விளையாடினோம். அம்மா எங்களை அதட்டிவிட்டு, எல்லாவற்றையும் துடைப்பத்தால் கூட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டார். மறுநாள் இதை எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் கூறினேன். “நீங்கள் எறிந்தது கண்ணாடியா, நஞ்சா?” என்று அவர் கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடியபோது நான் அறிந்தவற்றை இங்கு எழுதுகிறேன்.

பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும் உலோகம். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதைத் தொடர்ந்து சுவாசித்தால் நரம்புகளும் சிறுநீரகங்களும் கெடும். நீரில் கலந்தால் மீன்களின் உடலில் சேர்ந்து, அவற்றை உண்பவரையும் தாக்கும். ஜப்பான் நாட்டு மினமாட்டா ஊரில் இக்கொடிய நோய் 1956-இல் வெளிப்பட்டது.

நம் நாட்டில் 1984-இல் போபால் விபத்து நிகழ்ந்த பின், 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதன்கீழ் 1989-இல் அபாயகரமான கழிவுகளுக்கான விதிகள் வந்தன. அவை கழிவுகளை 18 வகைகளாகப் பிரித்தன. பாதரசம் கலந்த கழிவும் அப்பட்டியலில் இருந்தது. ஆனால் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதுமா?

போதாது என்பதற்குக் கொடைக்கானலே சான்று. அங்கு 1983-இல் பாண்ட்ஸ் நிறுவனம் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலையைத் தொடங்கியது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசமாயிற்று. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதியில் உள்ள ஒரு பழைய சாமான் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி சாக்குச் சாக்காகக் கிடப்பதை மக்கள் வெளிப்படுத்தினர். சட்டப் பட்டியலில் நஞ்சாக இருந்த பொருள், தொழிற்சாலை வாசலைத் தாண்டியதும் வெறும் உடைந்த கண்ணாடியாக விலைபோயிருந்தது! அவ்வாண்டே தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு உடன்பாடு கிடைத்ததோ 2016-இல்தான்.

அதன்பின் விதிகள் பலமுறை திருத்தப்பட்டன. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, கழிவு எந்தத் தொழிலில் உண்டாகிறது என்பதோடு, அதில் நஞ்சு எவ்வளவு இருக்கிறது என்பதும் கணக்கிடப்படுகிறது. தொழிற்சாலைகள் பொதுவாக அதை 90 நாட்களுக்கு மேல் தேக்கி வைக்கலாகாது. அது லாரியில் ஏறினால் உடன் ஒரு சீட்டும் செல்ல வேண்டும். இவை நல்ல திருத்தங்களே. ஆயினும் ஒரு குறை தெரிகிறது. கழிவை உண்டாக்குபவரே முதலில் அதற்குப் பெயரும் சூட்டுகிறார். அப்பெயர் சரிதானா என்பதை, அவரைச் சாராத ஒருவர் சோதித்துச் சொல்ல வேண்டும். அதை வாங்கும் பழைய சாமான் கடைக்காரருக்கும், சுமக்கும் தொழிலாளிக்கும் தாம் தொடுவது என்னவென்று தமிழில் எழுதிக் காட்ட வேண்டும். ஆபத்து முதலில் அவர்களுடைய கைகளைத்தானே தீண்டுகிறது?

இனி நம் வீட்டுக்கு வருவோம். தொழிற்சாலையில் அபாயகரமான கழிவு எனப்படும் பாதரசம், கோடம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் வெறும் குப்பையாயிற்று. ஆனால் 2016-இல் வந்த திடக்கழிவு விதிகள் உடைந்த தெர்மாமீட்டர், குழல் விளக்கு, பழைய பாட்டரி, காலாவதியான மருந்து ஆகியவற்றை வீட்டு அபாயக் கழிவு என்று பெயரிட்டுத் தனியே பிரித்தன. அவற்றைப் பெற 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் அமைக்குமாறும் கூறின. எங்கள் தெருவில் நான் கேட்டவர்களில் ஒருவருக்கும் அப்படியொரு மையம் தெரிந்திருக்கவில்லை.

தோழியரே! பாதரசம் சிந்தினால் தொடாதீர்கள். துடைப்பத்தால் கூட்டவும் வேண்டாம். சன்னல்களைத் திறந்துவிட்டுச் சிறுவர்களை அப்புறப்படுத்துங்கள். பெரியவர் ஒருவர் கையுறை அணிந்து, தடித்த அட்டையால் மணிகளைத் திரட்டி, மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் அடைக்கட்டும். குப்பியின் மேல் ‘பாதரசம்’ என்று தெளிவாக எழுதி ஒட்டுங்கள்.

அன்று நாங்கள் எறிந்ததை மறுநாள் காலையில் வெறுங்கையால் அள்ளியவர் யாரோ, நான் அறியேன். ‘இது நஞ்சு’ என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தால், அவர் எச்சரிக்கையாக இருந்திருப்பாரே என்ற வருத்தம் இன்னும் என்னைவிட்டு நீங்கவில்லை.

— மாணவி, பத்தாம் வகுப்பு