கோட்பாட்டு இயற்பியல்: சேரும் வழியும் சேர்க்கும் சான்றிதழும்

கோட்பாட்டு இயற்பியல் என்பது கணிதத்தைக் கருவியாகக் கொண்டு இயற்கையின் விதிகளை ஆராயும் துறை. விலையுயர்ந்த ஆய்வகம் இல்லாத கல்லூரியில் படித்தவரும் இதில் தயங்காமல் போட்டியிடலாம். கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப் பகுதி மாணவர்களுக்குத் தடையாவது பெரும்பாலும் பாடமல்ல, தேதியும் சான்றிதழும்தான்.

நுழைவு வழிகள்

பி.எஸ்சி. இறுதியாண்டு மாணவருக்கு மூன்று வாசல்கள் உண்டு. ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்சி. படிப்புக்கும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் ‘ஜாம்’ தேர்வு. புதுச்சேரிப் பல்கலைக்கழகம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு ‘கியூட் பி.ஜி.’ மூன்றாவது ‘ஜெஸ்ட்’. அல்லாடி ராமகிருஷ்ணன் 1962-ல் தொடங்கிய சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்துக்கு இதுவே முக்கிய வாசல்.

எம்.எஸ்சி. முடித்தவர் ‘ஜெஸ்ட்’, ‘கேட்’, ‘சி.எஸ்.ஐ.ஆர். நெட்’ வழியாக ஆய்வில் சேரலாம். ‘நெட்’ எழுதி இளநிலை ஆய்வாளர் (ஜே.ஆர்.எஃப்.) தகுதி பெறுபவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை; மூத்த ஆய்வாளரானால் 42,000. பழங்குடி மாணவருக்கு மத்திய பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தேசிய ஆய்வு உதவித்தொகையும் தனியே உண்டு. ஆய்வுப் படிப்பு என்றால் வீட்டிலிருந்து பணம் போட்டுப் படிப்பது என்று பெற்றோர் பயப்படத் தேவையில்லை.

ஜாம் விண்ணப்பம் வழக்கமாகச் செப்டம்பர், அக்டோபரில், தேர்வு பிப்ரவரியில். டிகிரி கையில் வந்தபின் ஜூன் மாதம் விசாரிக்கத் தொடங்குபவருக்கு அந்த ஆண்டு ஏற்கெனவே முடிந்துவிட்டது. இறுதியாண்டு படிக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும்.

சாதிச் சான்றிதழ்

மிக அதிகமாகத் தவறு நடக்கும் இடம் இது. தமிழக அரசு தரும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. அவை கேட்பது மத்திய அரசின் படிவத்தில் உள்ள, ‘கிரீமி லேயர் அல்லாதவர்’ என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழ். அதை வழங்குபவர் வட்டாட்சியர். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இருக்காது. முதலில் அதைச் சரிபார்க்க வேண்டும். கிரீமி லேயருக்கான எட்டு லட்சம் ரூபாய் ஆண்டு வருமான வரம்பைக் கணக்கிடும்போது பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. இது தெரியாமல் விவசாயி வீட்டுப் பிள்ளையைத் திருப்பி அனுப்பும் அலுவலகமும் உண்டு, கேள்வி கேட்காமல் திரும்பி வரும் குடும்பமும் உண்டு. கடந்த ஆண்டு வாங்கிய ஓ.பி.சி. சான்றிதழ் இந்த ஆண்டுக்கு உதவாமல் போகலாம். அறிவிக்கையில் சொல்லும் தேதிக்குப் பின் பெற்றதாக இருக்க வேண்டும்.

கல்வராயன் மலையின் மலையாளி இனத்தவருக்குரிய பழங்குடியினர் சான்றிதழை வட்டாட்சியர் வழங்க முடியாது. வருவாய்க் கோட்டாட்சியரே வழங்க வேண்டும். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் பேருந்து பிடித்துக் கள்ளக்குறிச்சிக்கு நான்கு முறை வந்துபோன பிறகே இது தெரியவருவது கொடுமை. இ-சேவை மையத்தில் பெற்றோரின் சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் விண்ணப்பித்து, ஒப்புகை எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019-ல்தான் பிரிந்தது. பழைய சான்றிதழில் ‘விழுப்புரம் மாவட்டம்’ என்றிருப்பதால் அது செல்லாததாகிவிடாது.

தாமதமானால் வாய்மொழியாகக் கெஞ்சிப் பயனில்லை. கோட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு அனுப்பலாம். கேட்க வேண்டியவை மூன்று: இந்த ஒப்புகை எண்ணுள்ள விண்ணப்பம் இப்போது யாரிடம் உள்ளது, எந்தெந்தத் தேதியில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, நிலுவைக்குக் காரணம் என்ன. பதிலுக்குக் கெடு 30 நாள். திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குவதும் பலன் தரும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் பெற வேண்டும். எழுத்து இல்லாமல் மேல்முறையீடு செய்வது கடினம்.

பெயரும் மதிப்பெண்ணும்

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘குமார் மு’ என்றும், ஆதாரில் ‘குமார் முருகன்’ என்றும், விண்ணப்பத்தில் ‘மு.குமார்’ என்றும் இருந்தால் சரிபார்ப்பில் ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுவார். முன்னெழுத்துச் சிக்கலை விண்ணப்பத்துக்கு முன்பே ஆதாரில் திருத்திவிட வேண்டும். சி.ஜி.பி.ஏ.யைச் சதவீதமாக மாற்றும் கடிதத்தையும் தற்காலிகப் பட்டச் சான்றிதழையும் பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

ஏமாற்றுகள்

கோட்பாட்டுத் துறைக்கு ஆய்வகம் தேவையில்லை என்பதே மோசடிக்காரர்களுக்கு வசதி. ‘வீட்டிலிருந்தே பிஎச்.டி.’ என்பது பொய்: பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிமுறைகள் தொலைநிலை, இணையவழி பிஎச்.டி.யைத் தடை செய்கின்றன; எம்.ஃபில். படிப்பையும் நிறுத்திவிட்டன. பணம் கட்டினால் எந்தக் கட்டுரையையும் அச்சிடும் ஆய்விதழ்கள் மாணவரின் பெயரைக் கெடுக்கும். ஆய்வேட்டை எழுதித் தருவதாகச் சொல்லும் ஏஜெண்டை நெருங்கவே கூடாது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யு.ஜி.சி. வெளியிடுகிறது, பணம் கட்டும் முன் அதைப் பார்க்க வேண்டும்.

கட்டணமும் மூலச் சான்றிதழும்

நல்ல இடம் கிடைத்ததும் பழைய கல்லூரி மூலச் சான்றிதழைத் தர மறுக்கிறதா? அதைப் பிடித்து வைக்க எந்த நிறுவனத்துக்கும் உரிமையில்லை என்கிறது யு.ஜி.சி.யின் 2018 அறிவிக்கை. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு முன்போ விலகினால் சிறு பிடித்தத்துடன் முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும். கடைசித் தேதி முடிந்து 30 நாள் கடந்தால் ஒன்றும் கிடைக்காது. விலகல் கடிதத்தைத் தேதியிட்டு, நகலில் முத்திரை வாங்க வேண்டும்.

கட்டணத்தையோ சான்றிதழையோ தர மறுத்தால் முதலில் நிறுவனத்தின் மாணவர் குறைதீர்ப்புக் குழு, அதற்கு மேல் 2023 விதிமுறைகளின்படி அமைந்த குறைகேள் அதிகாரி. யு.ஜி.சி.யின் ‘இ-சமாதான்’ இணையதளத்திலும் புகார் பதியலாம். எங்கே போனாலும் முதலில் கேட்கப்படுவது தேதியும் முத்திரையும் உள்ள நகல்தான்.