இறுக்கினால் நிற்காது

குளியலறைக் குழாய் சொட்டத் தொடங்கினால் முதலில் எல்லோரும் கைப்பிடியை முழு பலத்தோடு திருகி மூடுவோம். அப்போதைக்குச் சொட்டு நிற்கும். ஆனால் குழாய் கெடுவதே அந்தப் பலத்தால்தான்.

பல சுற்று சுற்றி மூடும் பித்தளைக் குழாய்க்குள், தண்ணீர் ஏறி வரும் துளையைச் சுற்றி மெல்லிய வட்ட விளிம்பு ஒன்று இருக்கிறது. திருகும்போது ஸ்பிண்டில் என்ற தண்டு கீழே இறங்கி, நுனியிலுள்ள ரப்பர் வாஷரை அந்த விளிம்பின்மேல் அழுத்துகிறது. பழைய வாஷரைக் கழற்றிப் பாருங்கள்: விளிம்பு பதிந்த வட்டப் பள்ளம் தெரியும், ரப்பர் விறைத்திருக்கும். இறுக்க இறுக்க அந்தப் பள்ளம் ஆழமாகும். சில ரூபாய் வாஷர்தானே, பிறகு மாற்றலாம் என்று விட்டுவிடவும் கூடாது. நுண்ணிய மணலோடு கசியும் நீர் நாளடைவில் பித்தளை விளிம்பையே அரித்துவிடும். அதன்பின் புது வாஷர் போட்டாலும் சொட்டும். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு!

வாஷரை மாற்றுவது எளிது. மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். ஸ்குரூ உருண்டு விழாமல் இருக்கச் சாக்கடை ஜாலிமேல் ஒரு துணியைப் போடுங்கள். கைப்பிடியைக் கழற்றி, ஸ்பிண்டிலை ஸ்பானரால் இடப்பக்கமாகத் திருப்பி எடுத்து, அதே அளவு வாஷரை மாட்டுங்கள். விரலை உள்ளே விட்டு விளிம்பையும் தடவிப் பாருங்கள். நெருடினால் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். டெஃப்லான் டேப் சுற்றுவதால் இந்தச் சொட்டு நிற்காது. அது மரை வழியாகக் கசிவதை அடைக்க மட்டுமே.

கால் சுற்றில் மூடும் குழாய்களில் அடைப்பது ரப்பர் அல்ல. கண்ணாடிபோல் மெருகேற்றிய இரண்டு செராமிக் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, துளைகள் விலகும்போது நீர் நிற்கிறது. இவை எளிதில் தேயாது. இடையில் மணலோ போர் தண்ணீரின் உப்போ சிக்கினால் சொட்டும். வினிகரில் ஊறவைத்துக் கழுவினாலே பல நேரம் சரியாகிவிடும். மாற்றத்தான் வேண்டும் என்றால் தட்டுகள் அடங்கிய பழைய கார்ட்ரிட்ஜைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். உயரமும் பல் எண்ணிக்கையும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

ஷவர் மூடிய பின் சில நிமிடம் சொட்டுவது பழுதல்ல, தலைப்பகுதியில் தேங்கிய நீர்தான் அது. ஒரு மணி நேரம் கழித்தும் சொட்டினால் குறை வால்வில் இருக்கிறது.

வேலை முடிந்ததும் குழாயைத் திறந்தபடியே வைத்து, மாடி வால்வை மெதுவாகத் திறந்துவிடுங்கள். காற்றும் உதிர்ந்த துருவும் முதலில் வெளியேறட்டும்.