கிணற்றடியில் ஒரு பரீட்சை

கொழும்பிலே பல்கலைக்கழகப் படிப்பை முடித்துக்கொண்டு கடந்த ஆடி மாதம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிய என் மகள், தன் பெட்டியிலிருந்து முதலில் எடுத்து வைத்தவை புத்தகங்கள் அல்ல. கையாற் செய்த சவர்க்காரக் கட்டிகள் நான்கு, தலைக்கு வார்க்கும் திரவம் அடங்கிய போத்தல் ஒன்று, முகத்துக்குப் பூசும் மா நிறைந்த சிறு பேணி ஒன்று, இவையே அவை. எல்லாவற்றின் மேலும் 'இயற்கை' என்னும் சொல் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. விலையைக் கேட்டேன், சொன்னாள். அதனை இங்கே எழுதினால் வாசகர்களிற் சிலர் பத்திரிகையை மடித்து வைத்துவிடக்கூடும்!

"அம்மா, இவற்றில் இரசாயனம் ஒன்றும் இல்லை. மார்கழியில் பட்டமளிப்பு விழா. அதற்கிடையில் முகத்தையும் தலைமயிரையும் சீராக்கிக்கொள்ள வேண்டும்" என்றாள்.

இரண்டு கிழமைகள் சென்றன. கொழும்பில் இருக்கும்வரை பளபளவென்று இருந்த அவளுடைய கூந்தல், அதே கட்டியால் இங்கே கழுவக் கழுவச் சிக்குப்பிடித்து, மெழுகு தடவிய கயிறு போலாயிற்று. சீப்பிலே வெண்ணிறப் பிசுக்குப் படிந்தது. பிள்ளை கண் கலங்கினாள். போத்தலின் கதையோ வேறு. 'காப்புப்பொருள் எதுவும் சேர்க்கப்படாதது' என்று பெருமையாக எழுதப்பட்டிருந்த அந்தத் திரவத்தின் மேல் பூஞ்சண ஆடை ஒன்று மிதக்கத் தொடங்கியது. நீர் கலந்த பண்டம் எதுவும் காப்பு இல்லாமல் மாதக்கணக்கிற் கெடாது நிற்குமா? நேற்றைய கஞ்சி இன்று புளிப்பதை அறியாத வீடு உண்டோ? எனினும் அழகான போத்தலைக் கண்டதும் இதனை நாம் மறந்துவிடுகிறோம்.

கூந்தலுக்கு நேர்ந்ததன் காரணம் எங்கள் கிணற்றிலேயே இருந்தது. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லின் ஊடே ஊறி வருவதாதலால் அது வன்னீர். கேத்தலின் உட்புறத்தில் வெண்படை கட்டுவது இதனாலேயே. சவர்க்காரம் இந்நீரிலுள்ள கல்சியத்தோடு சேர்ந்தால் நீரிற் கரையாத ஒரு பிசுக்காக மாறிவிடும். கடைச் சவர்க்காரமானாலும் கைச்சவர்க்காரமானாலும் இது பொது விதி. கொழும்பின் குழாய் நீரோ பெரும்பாலும் ஆற்றிலிருந்து வரும் மென்னீர். ஆகவே அங்கே நல்லதாயிருந்த கட்டி இங்கே பொல்லாததாயிற்று. கட்டியைச் செய்தவர்மேற் குற்றம் இல்லை. எந்த நீருக்கு ஏற்றது என்று அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

நிற்க. அவளுடைய அம்மம்மா, அதாவது என் தாயார், எண்பது கடந்தவர். திண்ணையில் இருந்தபடி இவை அனைத்தையும் பார்த்துக்கொண்டிருந்தவர், "அரப்பு அவிச்சுத் தோய வாருங்கோ" என்று மாத்திரம் சொன்னார். அன்று தொடங்கியதுதான் எங்கள் பரீட்சை. ஒரு கிழமைக்கு ஒரு பொருள். எதையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் தடவி இரண்டு நாள் பார்த்தல். கண்டதைக் கொப்பியில் எழுதுதல். இவை மகள் வகுத்த விதிகள்.

அரப்பு என்னும் சொல் ஊருக்கு ஊர் வெவ்வேறு பொருளைக் குறிக்கும். எங்கள் வீட்டில் அது சீயக்காய், வெந்தயம், செவ்வரத்தை இலை, பாதியாக வெட்டிய தேசிக்காய் ஆகியவற்றை ஒன்றாக அவித்து அம்மியில் அரைத்தெடுப்பது. தலைக்கு நல்லெண்ணெய் வைத்து அரைமணி நேரம் பொறுத்து, இதனைத் தேய்த்து, வாளி வாளியாக வார்த்தோம். நுரை அதிகம் வரவில்லை. மகளுக்கு நம்பிக்கையும் வரவில்லை. ஆனால் தலை காய்ந்தபின் மயிர் இழை இழையாகப் பிரிந்து நின்றது. சீயக்காயிலும் பூவந்திக் கொட்டையிலும் அழுக்கைக் கழற்றுவது சப்போனின் என்னும் பொருள். சவர்க்காரத்தைப் போல அது சுண்ணாம்பு நீரிற் பிசுக்காகத் திரிவதில்லை. வன்னீர்க் கிணறு உள்ள ஊருக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்று இப்போது சொல்வேன். குறையும் உண்டு. கண்ணிற் பட்டால் எரிச்சல் கொஞ்சமன்று. சப்போனின் நிறைந்த இலுப்பைப் பிண்ணாக்கைக் குளத்திலிட்டு மீன் பிடித்த காலமும் உண்டு என்பதை நினைத்தால், அதன் வலிமை விளங்கும். அரைத்தது மிஞ்சினால் மறுநாளைக்கு வைக்கலாகாது. காய்ந்த காயையும் விதையையும் பேணியில் அடைத்து வைப்பதே முறை.

பயற்றம்மாவிலும் அதே பாடம். வறுக்காத பயற்றை அரைத்து, மெல்லிய சீலையிற் சலித்து எடுத்தோம். அரிதட்டு மாத்திரம் போதாது. பரும்பொடி முகத்தைக் கீறிவிடும். உடம்பின் எண்ணெயை அது சுகமாக எடுத்தது. காலையில் நீர் விட்டுக் குழைத்ததிற் சிறிது சிரட்டையில் மிஞ்சியது. மாலையில் மணந்து பார்த்தோம், புளித்திருந்தது.

இனி எழுதப்போவதை எழுதாமல் விடவே விருப்பம். பயற்றம்மா நன்றாக இருந்ததைக் கண்ட உற்சாகத்தில், "கொஞ்சம் தேசிப்புளி விட்டுக் குழைத்தால் முகம் வெளுக்கும்" என்று மகளுக்குச் சொன்னவள் நானே. அவளும் பூசினாள், அரைகுறையாகக் கழுவினாள், நடுப்பகலில் சைக்கிளில் நகரத்துக்குப் போய் வந்தாள். அதனை முழங்கையிற் பரீட்சிக்க நாங்கள் நினைக்கவேயில்லை. மறுநாள் வலக் கன்னத்திலிருந்து கழுத்துவரை, சாறு வழிந்த கோட்டிலேயே சிவந்து கொப்புளித்தது. வைத்தியர் பார்த்தவுடன் கேட்ட முதற் கேள்வி, "தேசிக்காய் பட்டதோ?" என்பதுதான். தேசிக்காயின் தோலிலும் சாற்றிலும் உள்ள ஒரு பொருள் உடம்பிற் படிந்திருக்கையில் வெயில் பட்டால், தோல் வெந்துபோகும் என்றும், கொப்புளம் ஆறினாலும் கருமை மறையக் கிழமைகளோ மாதங்களோ செல்லலாம் என்றும் விளக்கினார். முழங்கையிற் பூசிச் சட்டைக்குள் மறைத்துப் பார்த்திருந்தால் இது தெரிந்தே இராது என்பதையும் அவரே சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைப் பார்த்து, "பிள்ளை, அது தலைக்கு வைச்சு அலசிறது, முகத்துக்குப் பூசிக்கொண்டு வெயிலிலை போகச் சொல்லி ஆர் சொன்னது?" என்று கேட்டார். நான் மறுமொழி சொல்லவில்லை. மகளோ என்னை ஒரு வார்த்தையும் கடியவில்லை. கொப்பியில் 'தேசிப்புளி: முகத்துக்கு ஆகாது' என்று எழுதி இருமுறை கோடிட்டாள். அதுவே எனக்குப் பெரிய தண்டனையாயிற்று.

ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கியது. 1990ஆம் ஆண்டின் பின்னர் வடபகுதிக்குப் பொருட்கள் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில் நாங்கள் பனங்களியாலே உடுப்புத் தோய்த்த கதையைச் சொன்னேன். மகள் நம்பவில்லை. பழத்தைப் பிசைந்து, களியைத் துணியில் ஊறவைத்துக் கசக்கிக் காட்டினேன்; நுரைத்தது, ஊத்தை கழன்றது. பனங்களியின் கைப்புக்குக் காரணமான பிளாபெல்லிபெரின் என்பதும் சப்போனின் இனத்ததே. ஆனால் பழத்தின் மணம் துணியை விட்டுப் போகாது. அந்நாளில் கொடியிற் காய்ந்த என் பாடசாலைச் சட்டையை அயல்வீட்டு மாடு சப்பிவிட்டது. மாற்றுச் சட்டை இல்லாமையால் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. இன்று சொல்லும்போது சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை.

இறுதியில் மகள் தானே சவர்க்காரம் செய்வதென்று தீர்மானித்தாள். இரசாயனம் இல்லாத சவர்க்காரம் என்ற பேச்சு அன்றோடு எங்கள் வீட்டில் ஒழிந்தது. எண்ணெயும் எரிசோடாவும் சேராமற் கட்டிச் சவர்க்காரம் ஆகாது. செய்து முடிந்த நல்ல கட்டியில் எரிசோடா மிஞ்சியிராது, அவ்வளவே. 500 கிராம் தேங்காயெண்ணெய் முழுவதையும் சவர்க்காரமாக்க ஏறக்குறைய 91 கிராம் எரிசோடா வேண்டும். முதன்முறை 87 கிராம் இட்டோம். வெண்மையாக, கல்லைப்போல உறுதியாக வந்தது; எங்கள் கிணற்று நீரிலும் நுரைத்தது. உடம்பிற் பூசினாலோ தோல் வரண்டு வெடித்தது. அக்கட்டிகள் குசினிக்குப் போயின. அடுத்த முறை 73 கிராமோடு நிறுத்தினோம். ஐந்திலொரு பங்கு எண்ணெய் மாறாமலே கட்டியிற் தங்கும். தோலை வரளவிடாமற் காப்பது அதுதான்.

செய்ய விரும்பும் மாணவிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எரிசோடா விளையாட்டுப் பொருளன்று. அதனை நீரிலே சிறிது சிறிதாக இடுதல் வேண்டும். அதன்மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தை அது அரித்துவிடும். கண்ணுக்குக் காப்பும் கைக்கு உறையும் இன்றித் தொடலாகாது. மேலே பட்டால் உடனே நிறைய நீரால் நெடுநேரம் கழுவவேண்டும். சிறுவர்கள் அந்த அறையிலேயே நிற்கக்கூடாது. தராசு இல்லாமல் கைக்கணக்கில் இதனைச் செய்யவே முடியாது. கலவை கூழ்ப்பதமானதும் அச்சில் ஊற்றி, ஆறேழு மணி நேரத்திலேயே வெட்டிவிட வேண்டும். மறுநாள்வரை விட்டால் தேங்காயெண்ணெய்க் கட்டி கத்தி பட்டதும் நொறுங்கும். பின்பு நான்கு முதல் ஆறு கிழமை காற்றாட வைத்தல் வேண்டும்.

இரண்டாவது முறை செய்த கட்டிகள் எட்டும் இப்போது சுளகிலே காய்கின்றன. மார்கழி முதற்கிழமையில் எடுக்கலாம் என்று கொப்பி சொல்கிறது. மகளின் கன்னத்துக் கோடு இன்னும் முற்றாக மறையவில்லை. விழாவுக்குள் மறையுமோ என்று நான் நாள்தோறும் வெளிச்சத்திற் பிடித்துப் பார்க்கிறேன். அவள் இப்போது பார்ப்பதை விட்டுவிட்டாள்.

முதலாவது கட்டியை அம்மம்மாவுக்குத்தான் கொடுப்பது என்று நேற்று அவள் அறிவித்தபோது, கிழவி சுளகை ஒருமுறை பார்த்தார்.

"எனக்கு உது வேண்டாம் மோனை. கடையிலை விக்கிற வாசச் சவர்க்காரம் ஒண்டு வாங்கித் தா. நான் இடிச்சதும் அரைச்சதும் காணும்."