'மஸ்ட்'டா, 'ஷுட்'டா? ஒரு 'வேண்டும்' படுத்தும் பாடு!

"நாளைக்குள் பதில் அனுப்ப வேண்டும்." தமிழில் இது கட்டளையாகவும் இருக்கலாம், பணிவான கோரிக்கையாகவும் இருக்கலாம். சொல்கிற ஆளும் குரலும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இதையே 'யூ மஸ்ட் ரிப்ளை பை டுமாரோ' என்று மெயிலில் தட்டிவிட்டால், 'எனக்கு உத்தரவு போட இவர் யார்?' என்று வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். 'வீ நீட் யுவர் ரிப்ளை பை டுமாரோ' என்றால் அதே கெடு, ஆனால் அதிகாரம் இல்லை.

நம்முடைய ஒற்றை 'வேண்டும்' செய்கிற வேலையை ஆங்கிலத்தில் மஸ்ட், ஹேவ் டு, நீட் டு, ஷுட், ஆட் டு எனப் பல சொற்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. எதை எடுக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் பிரிட்டனின் சாலை விதிப் புத்தகமான 'ஹைவே கோட்'டைப் புரட்டிப் பாருங்கள். 1931-ல் முதன்முதலில் வெளியான அந்தப் புத்தகத்தின் இன்றைய பதிப்பில், தடித்த எழுத்தில் 'மஸ்ட்' என்று இருந்தால் அது சட்டம், மீறினால் குற்றம். 'ஷுட்' என்று இருந்தால் அறிவுரை. இரவில் சைக்கிளில் விளக்கு எரிவது 'மஸ்ட்'. சைக்கிள் ஓட்டுபவர் ஹெல்மெட் போடுவது 'ஷுட்'. பைக் ஓட்டுபவருக்கோ ஹெல்மெட் 'மஸ்ட்'! (டர்பன் அணியும் சீக்கியர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.) வெறும் 'ஷுட்'தானே என்று அலட்சியமாகவும் இருந்துவிட முடியாது. அதைப் பின்பற்றாததற்காக மட்டும் வழக்கு வராது. ஆனால் விபத்து வழக்கில் யார் பொறுப்பு என்று முடிவு செய்ய, அதையும் நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்டலாம்.

'மஸ்ட்'டுக்கும் 'ஹேவ் டு'வுக்கும் உள்ள வித்தியாசம் நுட்பமானது. 'ஐ மஸ்ட் கால் அம்மா' என்பதில் சொல்கிறவரின் மனசே உந்துகிறது. 'ஐ ஹேவ் டு வேர் எ யூனிஃபார்ம்' என்பதில் பள்ளியின் விதி உந்துகிறது. பேச்சில் பலரும் இரண்டுக்கும் 'ஹேவ் டு'வே போட்டுவிடுகிறார்கள் என்பதால், இதற்காக ரொம்பவும் மண்டையைக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. நேற்று நடந்ததைச் சொல்ல இரண்டுக்குமே 'ஹேட் டு'தான்.

உண்மையான ஆபத்து 'நாட்' சேரும்போது வருகிறது. இரண்டுக்கும் ஒரே அர்த்தம் என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். 'மஸ்ட் நாட்' என்றால் 'கூடாது'. 'டோன்ட் ஹேவ் டு' என்றால் 'அவசியமில்லை'. தமிழில் இந்த இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. எனவே ஆங்கிலத்தில் எழுதும் முன் மனசுக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாலே போதும்.

மாத்திரை சாப்பிடும் முறையை எடுத்துக்கொள்வோம். 'யூ டோன்ட் ஹேவ் டு டேக் இட் வித் ஃபுட்' என்றால் சாப்பாட்டோடும் போடலாம், வெறும் வயிற்றிலும் போடலாம். 'யூ மஸ்ட் நாட் டேக் இட் வித் ஃபுட்' என்றால் சாப்பாட்டோடு போடவே கூடாது. வீட்டில் பாட்டிக்கு மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்கிற பேரன் பேத்திகளே, அந்த ஒரு வரியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்!