தாமிரபரணிப் படுகையில் ஓலையும் தாளும்

அச்சு வந்தது, ஓலை மறைந்தது என்று தமிழ் நூல் வரலாற்றைச் சுருக்கிக் கூறுவது வழக்கமாகிவிட்டது. திருநெல்வேலியின் வடபுறத்துத் தச்சநல்லூர் முதல் ஆறு கடலில் கலக்கும் புன்னைக்காயல் வரையுள்ள தாமிரபரணிப் படுகைக்கு இக்கூற்று பொருந்துவதில்லை. அன்றிக் அன்றீக்கசு பாதிரியாரின் 'அடியார் வரலாறு' 1586இல் புன்னைக்காயலில் அச்சானதாகக் கருதப்படுகிறது. ஆயினும் அதன் பின் மூன்று நூற்றாண்டுக் காலம் இப்படுகையில் எழுத்தின் முதன்மைத் தளமாக விளங்கியது பனையோலையே. இந்த நீண்ட இடைவெளிக்கு அச்சுரிமை, கல்வி, சமயம் முதலிய காரணங்கள் பேசப்பட்ட அளவுக்குத் தாள் பேசப்படவில்லை.

சொற்கள் தரும் சான்று

'காகிதம்' அரபு, பாரசீக மொழிகளின் வழி வந்த சொல். 'கடுதாசி'யைப் போர்த்துக்கீசிய வரவாக அகராதியாளர் கொள்வர். இரண்டுமே இப்பொருள் வெளியிலிருந்து வந்ததைக் காட்டுகின்றன. மாறாக ஏடு, ஓலை, இதழ் ஆகியன செடியுறுப்பைச் சுட்டும் சொற்களாக இருந்து எழுதுபொருளுக்கும் பெயராயின. 'தாள்' என்பதும் நெல், புல் ஆகியவற்றின் தண்டைக் குறித்த சொல்லே. வைக்கோலிலிருந்தும் காகிதம் செய்யலாம் என்பதை எண்ணும்போது இப்பெயர் தற்செயலாகவேனும் மிகப் பொருந்தி அமைந்துள்ளது.

ஓலை நாட்டில் காகிதம்

கி.பி. 105இல் சீன அரசவையில் சாய் லுன் அறிமுகப்படுத்தியதாகக் கூறப்படும் செய்முறையின் அடிப்படை இன்றும் மாறவில்லை. நாரை இடித்துக் கூழாக்கி, நீரில் கலக்கி, சல்லடைச் சட்டத்தால் அள்ளி, நீரை வடித்து உலர்த்துவதே அது. எட்டாம் நூற்றாண்டில் சமர்கந்தை அடைந்த இக்கலை பிற்காலத்தில் காசுமீரத்திலும், பின்னர் அகமதாபாத், தௌலதாபாத், சங்கானேர் முதலிய இடங்களிலும் வேரூன்றியது. அங்குள்ள காகிதக் கைவினைஞர் பழங்கயிறு, கந்தல், சணல் ஆகியவற்றை மூலப்பொருளாகக் கொண்டனர். தாளுக்குப் பசையூட்டி, கல்லால் தேய்த்து மெருகேற்றினர்.

தாமிரபரணிக் கரையில் வற்றாத நீரும் நாரும் இருந்தும் இத்தொழில் தோன்றவில்லை. தேவை எழவில்லை என்பதே பொருத்தமான விளக்கமாகும். தெற்கிலும் கிழக்கிலும் பரந்த தேரிக்காட்டுப் பனைகள் எழுதுதளத்தைச் செலவின்றி அளித்தன. எனவே 1586இன் நூலுக்கான தாள் கடல்வழி வந்ததாகவே இருந்திருக்க வேண்டும். அச்சுப்பொறி ஒன்றே ஆயினும், ஒவ்வொரு படிக்கும் தாள் மீண்டும் மீண்டும் வந்தாக வேண்டும். கப்பல் தவறினால் அச்சும் நின்றுவிடும்.

இந்நெருக்கடியைத் தரங்கம்பாடி தெளிவாகக் காட்டுகிறது. சீகன்பால்க் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது (1714–15) தாள் பற்றாக்குறையால் சிறிய எழுத்துகளை வார்க்க நேர்ந்தது. தமிழ் அச்செழுத்தின் வடிவளவையே தாளின் விலை தீர்மானித்தது எனலாம். 1715ஐ ஒட்டிப் பொறையாற்றில் காகிதப் பட்டறை ஒன்றும் அமைக்கப்பட்டது. அது நெடுங்காலம் நிலைக்கவில்லை.

ஓலையின் இயல்பும் எழுத்தைப் பாதித்தது. ஓலை கிழியும் என்பதால் எழுத்தாணியால் புள்ளி குத்துவது தவிர்க்கப்பட்டது. மெய்யும் உயிர்மெய்யும், குறிலும் நெடிலும், ரகரமும் காலும் மயங்கின. ஏட்டுச்சுவடிப் பதிப்பில் எழும் பாடவேறுபாடுகளில் கணிசமானவை எழுதுதளத்தின் விளைவுகள். இவற்றைப் புலவர்களின் கருத்து வேறுபாடாகக் கொண்டு விவாதிப்பது இன்றும் தொடர்வது வியப்புக்குரியது.

படியெடுத்தல் நின்றபோது

பத்துப்பாட்டைப் பதிப்பிக்க (1889) உ.வே. சாமிநாதையர் ஏடு தேடித் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்தார். கவிராயர் இல்லங்களில் அவருக்குக் கிடைத்த ஏடுகள் தலைமுறைதோறும் படியெடுக்கப்பட்டதால் எஞ்சியவை. ஓலைக்கு ஆயுள் தருவது இப்படியெடுப்பே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைத்தாள் மலிந்து, அச்சுநூல் பள்ளிகளில் பரவியதும் படியெடுக்கும் பழக்கம் தளர்ந்தது. அச்சேறியவை பிழைத்தன. அச்சேறாதவை கறையானுக்கு இரையாயின. ஒரே தாள் சில நூல்களைக் காத்து, வேறு சிலவற்றைக் கைவிடச் செய்தது.

கூழும் கைவினையும்

கலைத்துறையில் தாளின் வரவு வேறு வகையானது. தஞ்சை ஓவியர்கள் கம்பெனி அலுவலர்களுக்காக ஐரோப்பியத் தாளில் தீட்டிய சாதி, தொழில், தெய்வப் படங்கள் இதற்குச் சான்று. கோயில் சுவருக்கும் மரப்பலகைக்கும் உரிய கலை, கையில் எடுத்துச் செல்லும் ஏடாக மாறியது. காகிதக் கூழால் செய்யும் தலையாட்டி பொம்மை, புதுச்சேரித் திருக்கனூரின் கூழ்ப்பொம்மை ஆகியன கழிவுத்தாளின் மறுபிறவிகள். பழந்தாளை ஊறவைத்து வெந்தயத்துடன் அரைத்து முறத்திலும் பெட்டியிலும் பூசும் வீட்டு வழக்கமும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது. இங்கு வெந்தயமே பசை. கைவினை ஆய்வுகள் பெண்களின் இவ்வறிவைப் பெரும்பாலும் பதிவு செய்வதில்லை.

காந்தியடிகள் 1934இல் வார்தாவில் தோற்றுவித்த அனைத்திந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம், ஜே.சி. குமரப்பாவின் பொறுப்பில் கைக்காகிதத்தை ஊக்குவித்தது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதப் பட்டறை 1959இல் தொடங்கியது.

ஆலைத்தாளின் ஆயுள்

இருபதாம் நூற்றாண்டில் ஆலைகள் இப்படுகைக்கும் வந்தன. சேரன்மகாதேவியிலும் முக்கூடலை அடுத்தும் அவை அமைந்தன. பின்னது 2011இல் ஈரோட்டுச் சேஷசாயி நிறுவனத்தின் வசமானது. கரும்புச் சக்கையை மூலப்பொருளாக்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979இல் உருவாகி, கரூர் மாவட்டப் புகளூரில் ஆலை அமைத்தது.

ஆய்வாளர் கருத வேண்டியது இவ்வளர்ச்சியின் மறுபக்கம். கந்தல் நாரின் இடத்தை மரக்கூழ் பிடித்தபின், நாரோடு லிக்னினும் தாளில் தங்கியது. மை பரவாமலிருக்கச் சேர்த்த படிகாரமும் மரப்பிசினும் அமிலத்தை உண்டாக்கின. அமிலம் நாரிழையைத் துண்டாக்க, தாள் பழுப்பேறி நொறுங்குகிறது. வெளியிலிருந்து எந்தப் பூச்சியும் தேவையில்லை. 1586இன் நூற்படி வத்திக்கானில் இன்றும் இருக்கிறது. அதற்கு முந்நூறு ஆண்டு பின்வந்த மலிவுப் பதிப்புகளோ புரட்டும்போதே உதிர்கின்றன. வில்லுப்பாட்டுக் கதைப்பாடல்கள், தலபுராணங்கள், குஜிலி நூல்கள் ஆகியவற்றுக்கு இதுவே நிலை. 1994இல் சென்னையில் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் நுண்படப் பணி இதன் பொருட்டே முதன்மை பெறுகிறது.

சுவடிக்கு எண்ணெய் பூசவும், நூலை எண்ணிமமாக்கவும் திட்டமிடும் நிறுவனங்கள் அகவையை மட்டும் வைத்து முன்னுரிமை வகுக்கின்றன. தாளின் வகையையும் அமிலத்தன்மையையும் கணக்கில் கொண்டால், 1800ஆம் ஆண்டின் ஓலைக்கு முன்னதாக 1900ஆம் ஆண்டின் பாட்டுப்புத்தகமே ஒளிவருடப்பட வேண்டியதாக இருக்கும்.